ஏழு மில்லிமீட்டர்

ஓத்தார் கேட்பது ஒரே ஓர் எண்.
முன்பல் போன ஆளைப்போல
பம்பர் இல்லாமல் நிற்கிறது அவன் கார்.
"விளக்கு ஒன்று, பானட் ஒன்று, கொஞ்சம் பெயிண்ட்.
ஆயிரத்து ஐந்நூறு லாரிக்குள் முடிந்துவிடும்தானே, எத்தேரி?"

(எங்கள் நாட்டில் பணத்துக்குப் பெயர் லாரி.
மோதியது வேறு லாரி,
வெங்காயம் ஏற்றி வந்தது.)

முடிந்துவிடும்,
கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் கார் என்றால்.

ருஸ்தாவியில் இந்த மைதானத்துக்கு வந்து சேர்பவை
பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை மோதியவை.
கடலுக்கு அப்பால் யாரோ குடித்திருந்தார்,
அல்லது மான் குறுக்கே பாய்ந்தது.
ஏலக்காரன் மஞ்சள் கட்டியால் கண்ணாடியில் எண் கிறுக்கினான்.
பிறகு கப்பல், போத்தி துறைமுகம்,
பிறகு எங்கள் சுத்தியல்.
பூசி மெழுகுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.
விற்கும்போது எல்லாக் காரும்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்குப் போய்வந்த கார்.

தூக்கியில் ஏற்றச் சொன்னேன்.
சேற்றைச் சுரண்டினான் வாஜா.
நான் அளவுகோலை நீட்டினேன்,
இடது முனையிலிருந்து வலது துளைக்கு,
வலது முனையிலிருந்து இடது துளைக்கு.
குறுக்கே இரண்டு கோடுகள்.
சமமாக இருந்தால் அது கார்.
இல்லாவிட்டால் கதை.

ஏழு மில்லிமீட்டர்.

"ஏழுதானே," என்றான் வாஜா,
"என் நகத்தில் பாதி."
இந்த ஏழு, ககேத்தி சாலையில் நூற்றுப்பத்தில் போகும்போது
வலது டயரை ஒரு மாதத்தில் தின்னும்.
ஸ்டியரிங்கை விட்டு நீ மூக்கைச் சொறிந்தால்
கார் தானாகப் பள்ளத்தை விசாரிக்கப் போகும்.
அடுத்த மோதலில்
எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்காமல்
உன் முழங்காலில் மடங்கும்.
இதையெல்லாம் நான் ஓத்தாரிடம் சொல்லவில்லை.
அவன் வெளியே, யாரிடமோ போனில்,
"பெயிண்ட் வேலைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

விசித்திரம் வேறு.
அடி விழுந்தது இடப்பக்கம்,
சுருக்கம் இருப்பதோ வலப்பக்கச் சட்டத்தில்.
கறுப்புப் பூச்சைச் சுரண்டினால்
கீழே பழைய வெல்டிங்,
அவசரத்தில் தைத்த சட்டைப் பித்தான்போல.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே,
இதில் முதல் எது?

இன்னும் ஓர் அங்குலம் சுரண்டினேன்.
வெள்ளைப் பேனாவில் ஒரு தேதி, ஆறு வருடம் பழையது.
ஒரு சொல்: நேர்.
கீழே ஒரு கையெழுத்து.
கடைசி எழுத்தின் வால்
தேவைக்கு மேல் நீண்டு இடப்பக்கம் வளைகிறது.
வங்கியில் அதற்காக மூன்று முறை
என் காசோலையைத் திருப்பியிருக்கிறார்கள்.

நினைவில்லை.
அன்று எத்தனை கார், மழையா, விளக்கு போயிருந்ததா,
யார் அவசரப்படுத்தினார்கள், எதுவும் நினைவில்லை.
மூன்று மில்லிமீட்டர் வரை நேர் என்று எழுதலாம்,
இந்தப் பட்டறையில் எல்லோரும் எழுதுவோம்.
அப்படியானால் ஏழில்
நான்கு வெங்காய லாரியுடையது.
மூன்று?

வாஜா ஒன்றும் பேசாமல்
மண்ணெண்ணெயில் நனைத்த துணியை நீட்டினான்.
வெள்ளைப் பேனா மண்ணெண்ணெய்க்கு நிற்காது,
இரண்டு தேய்ப்பு போதும்.

எழுதினேன்:
சட்டத்தை இழுத்து நேராக்க இரண்டாயிரத்து நானூறு.
வலப்பக்கத் துண்டு மாற்ற ஆயிரத்து நூறு.
விளக்கு, பானட், பெயிண்ட், சக்கர ஒழுங்கு,
எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து முந்நூறு.
காரின் விலை ஆறாயிரம் என்று ஓரத்தில்,
சின்னதாக, ஆனால் அழிக்க முடியாத மையில்.
'முந்தைய சேதம்' என்ற கட்டத்தில்: உண்டு.
'முன்பு சோதித்தவர்' என்ற கட்டத்தை
எல்லோரும் காலியாகத்தான் விடுவார்கள்.

ஓத்தார் தாளை வாங்கி
நேராகக் கடைசி வரிக்குப் போனான்.
முகம் பம்பரைத் தேடியது.
"எந்த மடையன் இதை நேர் என்றான்?"

அந்தத் துணி இன்னும் என் கையில் இருந்தது.
விரல்களை மட்டும் துடைத்துக்கொண்டேன்.
"தாளைத் திருப்பு," என்றேன்,
"பெயர் இருக்கிறது."